அணு ஆயுத ஒழிப்பு வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு: யார்கிட்ட போறது, என்ன கேக்குறது

ஹிரோஷிமா மியூசியத்துல ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கு. ஷிகேரு ஓரிமென்னு ஒரு 13 வயசு பையனோடது. 1945 ஆகஸ்ட் 6 காலையில அம்மா கட்டிக்குடுத்த சாப்பாடு, எட்டேகாலுக்கு குண்டு விழுந்துருச்சு, அப்புறம் அம்மா தேடித்தேடி பையனோட உடம்ப கண்டுபிடிச்சப்ப அந்த டப்பா அவனுக்கு அடியிலயே கெடந்துச்சு, மூடி நசுங்கி, உள்ள இருந்த சோறு மொத்தமும் கரியா. அந்த ஃபோட்டோவ பாத்துட்டுதான் நான் இந்த வேலைக்குள்ள வந்தேன். ஒவ்வொருத்தரும் இப்படி ஏதோ ஒண்ண பாத்துட்டோ கேட்டுட்டோதான் வர்றாங்க, வந்த உடனே எல்லாரும் ஒரே எடத்துல போய் முட்டிக்கிறாங்க: குண்டு இருக்கறது அதிபருங்க கையில, பிரதமருங்க கையில, நான் யாரு, நான் என்ன பண்ணிட முடியும்?

நான் புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். நீங்க கேக்குறதுக்கு "சரி"ன்னு சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிங்க, அப்புறம் அவங்களால நெஜமாவே செய்ய முடிஞ்ச ஒரே ஒரு விஷயத்த அவங்ககிட்ட கேளுங்க. "உலகம் முழுக்க அணு ஆயுதத்த ஒழிக்கணும்"ங்கறது நம்ம ஆசை, அத யார்கிட்டயும் நேரா கேக்க முடியாது. "நம்ம நகராட்சி இந்த தீர்மானத்த நிறைவேத்தணும்"ங்கறத ஒரு கவுன்சிலர்கிட்ட கேக்கலாம். இந்த வித்தியாசம் புரியறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, உங்களுக்கு அவ்ளோ நாள் ஆகக்கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

மொத வேலை, கேக்கறது

பேனர் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒதுக்கி, குண்ட அனுபவிச்சவங்க பேசினத மட்டும் கேளுங்க, படிங்க. ஜப்பான்ல இவங்கள ஹிபாகுஷான்னு சொல்லுவாங்க. 2025 மார்ச் கணக்குப்படி பதிவாகியிருக்கற ஹிபாகுஷாக்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு கீழ போயிருச்சு, சராசரி வயசு 86, அதனால இன்னும் கொஞ்ச வருஷத்துல நேர்ல கேக்கறதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க. செட்சுகோ தர்லோ அம்மா 13 வயசுல இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு கெடந்தத 2017ல ஆஸ்லோவுல நோபல் பரிசு விழாவுல சொன்னாங்க, இருட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் குரல், விட்டுறாத, தள்ளிக்கிட்டே இரு, அந்த வெளிச்சம் தெரியுது பாரு, அத பாத்து ஊர்ந்து வான்னு. அதே ஆஸ்லோவுல 2024ல ஹிபாகுஷாக்களோட சங்கமான நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு நோபல் குடுத்தப்ப 92 வயசு தெருமி தனாகா பேசினாரு. இந்த ரெண்டு பேச்சையும் முழுசா பாத்துருங்க.

ஜப்பானோட நிறுத்திடாதீங்க, அங்கதான் பல பேர் தப்பு பண்றாங்க. குண்டு போர்ல ரெண்டு தடவதான் விழுந்துச்சு, ஆனா சோதனைன்னு சொல்லி 2,000 தடவைக்கு மேல வெடிச்சிருக்காங்க, எல்லாம் யாரோ ஒருத்தரோட ஊர்ல, யாரோ ஒருத்தரோட கடல்ல. மார்ஷல் தீவுகள்ல மட்டும் 67, கஜகஸ்தான்ல செமிபலாட்டின்ஸ்க்ல 456, பிரெஞ்சு பாலினேசியாவுல 193. மார்ஷல் தீவுகள்ல இருக்கற ராங்கெலாப் தீவுல 1954 மார்ச் 1ம் தேதி வெள்ளையா பொடி மாதிரி சாம்பல் கொட்டினப்ப குழந்தைங்க அதுல வெளையாடினாங்க, அது கதிர்வீச்சு சாம்பல்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, அந்த மக்கள அங்கேருந்து கூட்டிட்டு போகவே ரெண்டு நாள் ஆயிருச்சு. இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு பேசுறவங்க பேச்சுல ஒரு நிதானம் வந்துரும், கேக்குறவங்களுக்கு அது புரியும்.

ஒப்பந்தங்கள்ல எவ்ளோ தெரிஞ்சா போதும்

நிபுணர் ஆகணும்னு உக்காந்தா ஆறு மாசம் போயிரும், வேலை ஆரம்பிக்காது. நாலு விஷயம் போதும்.

1970ல அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், எல்லாரும் என்பிடின்னு சொல்லுவாங்க. அதுல அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா இந்த அஞ்சு நாட்டுக்கிட்டதான் அணு ஆயுதம் இருக்கறதா ஏத்துக்கிட்டு, மத்தவங்க செய்ய மாட்டோம்னு வாக்கு குடுத்தாங்க, பதிலுக்கு ஆயுத ஒழிப்புக்கு நல்லெண்ணத்தோட பேச்சுவார்த்தை நடத்துவோம்னு எல்லாரும் சேர்ந்து 6வது பிரிவுல ஒத்துக்கிட்டாங்க. அந்த 6வது பிரிவ மனப்பாடமா வச்சுக்கங்க, பாதி வாதம் அதுலதான் நிக்கும். இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் இதுல சேரவே இல்ல, வட கொரியா வெளியேறிட்டதா அறிவிச்சுருச்சு.

ரெண்டாவது, 1996 ஜூலை 8ல சர்வதேச நீதிமன்றம் குடுத்த ஆலோசனைக் கருத்து. அணு ஆயுதத்த காட்டி மிரட்டுறதும் பயன்படுத்துறதும் பொதுவா போர்ச் சட்டத்துக்கு விரோதம்னு சொன்னாங்க, ஒரு நாடு அழிஞ்சே போற அளவுக்கு தற்காப்பு நெருக்கடி வந்தா என்னன்னு மட்டும் முடிவா சொல்ல முடியலன்னுட்டாங்க, ஆனா பேச்சுவார்த்தைய நடத்தி முடிக்கற கடமை இருக்குங்கறதுல எல்லா நீதிபதியும் ஒரே கருத்து. இந்த வழக்கு கோர்ட்டுக்கு போக வேலை செஞ்சது சாதாரண ஜனங்க, நியூசிலாந்துல ரிட்டயர் ஆன ஒரு மாஜிஸ்ட்ரேட் நாடு நாடா கடிதம் எழுத ஆரம்பிச்சதுதான் அதோட பெரிய தொடக்கம்.

மூணாவது, அணு ஆயுதத் தடை ஒப்பந்தம். 2017 ஜூலை 7ல ஐநாவுல 122 நாடு ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்டது, 2021 ஜனவரி 22ல அமலுக்கு வந்துச்சு. செய்யக்கூடாது, வச்சிருக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, அடுத்தவன் குண்ட நம்ம மண்ணுல வச்சுக்கவும் கூடாது, அதோட பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவணும், கெட்டுப்போன மண்ண சுத்தம் பண்ணணும்னும் 6வது பிரிவுல இருக்கு. (என்பிடிலயும் 6, இதுலயும் 6, பேசும்போது குழப்பிக்காதீங்க.) 70 நாடுகளுக்கு மேல முழுசா சேந்தாச்சு, அணு ஆயுதம் வச்சிருக்கற ஒன்பது நாட்டுல ஒண்ணும் சேரல. இதுல கையெழுத்துப் போடறது வேற, அந்த நாட்டு சட்டப்படி ஏற்பு குடுத்து உறுப்பினர் ஆகறது வேற, உங்க நாடு இதுல எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு இன்னிக்கே பாத்து எழுதி வச்சுக்கங்க, ஏன்னா நீங்க என்ன கேக்கணும்ங்கறத அதுதான் முடிவு பண்ணும்.

நாலாவது கணக்கு. 1980கள் நடுவுல 70,000 கிட்ட இருந்த குண்டு இப்ப சுமாரா 12,000. இந்த ஒரு வரி "இதெல்லாம் நடக்காது"ன்னு சொல்றவங்களுக்கு.

உங்க நாடு எந்த வகை

இது ரொம்ப முக்கியம், எல்லா நாட்டுலயும் ஒரே கோரிக்கைய வச்சா வேலைக்கு ஆகாது. உங்க நாடு குண்டு வச்சிருக்கற நாடுன்னா "ஒப்பந்தத்துல சேரு"ன்னு நேரா கேட்டா கதவ சாத்திடுவாங்க, அங்க "மொதல்ல நாங்க பயன்படுத்த மாட்டோம்னு சொல்லு, புதுசா செய்யறத நிறுத்து, செலவ வெளியில சொல்லு"ன்னு படிப்படியா போறது நல்லது, கூடவே நகராட்சி, பேங்க் பக்கமும் வேலை செய்யலாம். குண்டு இல்ல ஆனா இன்னொருத்தன் குண்டோட நிழல்ல நிக்கற நாடுன்னா, உதாரணத்துக்கு பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி மண்ணுல அமெரிக்க குண்டு இருக்கறதா பரவலா தெரிஞ்ச விஷயம், அங்க "இந்த குண்டு இங்க எதுக்கு", "ஒப்பந்தக் கூட்டத்துக்கு பார்வையாளராவாவது போ"ன்னு கேக்கலாம். ரெண்டுமே இல்லாத நாடுன்னா நேரா சேரச் சொல்லலாம், அங்க பெரும்பாலும் எதிர்ப்பு இருக்காது, அக்கறைதான் இருக்காது, ஃபைல் ஏதோ ஒரு அமைச்சகத்துல தூங்கிக்கிட்டு இருக்கும், அத எழுப்பறதுதான் உங்க வேலை.

புது அமைப்பு ஆரம்பிக்காதீங்க

அஞ்சு பேர் சேந்த உடனே பேரு, லோகோ, பேஜ்னு இறங்கறத நான் நெறைய பாத்துட்டேன், மூணு மாசத்துல அந்த பேஜ் செத்துரும். ஏற்கனவே இருக்கற வலைப்பின்னல்ல சேருங்க. ஐகேன் (ICAN)னு சொல்றது 100 நாட்டுக்கு மேல உள்ள அமைப்புகளோட கூட்டணி, 2007ல ஆரம்பிச்சது, 2017 நோபல் அவங்களுக்குதான். நீங்க டாக்டர், நர்ஸ், மெடிக்கல் ஸ்டூடன்ட்னா 1980ல ஒரு அமெரிக்க டாக்டரும் ஒரு சோவியத் டாக்டரும் சேந்து ஆரம்பிச்ச அணு யுத்தத் தடுப்பு மருத்துவர்கள் அமைப்பு இருக்கு, பனிப்போர் நடுவுல, 1985ல நோபல் வாங்கினாங்க, ஐகேனே அவங்ககிட்டேருந்து வந்ததுதான். விஞ்ஞானிங்களுக்கு பக்வாஷ்னு ஒரு அமைப்பு. பெண்களுக்கு 1915லேருந்து இயங்கற சர்வதேச மகளிர் அமைதி சுதந்திர சங்கம், அவங்க நடத்தற ரீச்சிங் கிரிட்டிக்கல் வில்ங்கற திட்டம் ஐநா ஆயுதக் கூட்டங்கள்ல யாரு என்ன பேசினாங்கன்னு அப்பப்ப எழுதி வெளியிடுது, உங்க நாட்டு பிரதிநிதி அங்க என்ன பேசினாருன்னு உங்க எம்பிக்கே தெரியாது, நீங்க தெரிஞ்சு வச்சிருக்கலாம்.

கேக்கறது: எங்க, எப்படி

நகராட்சி. புதுசா வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதுதான், ஏன்னா கவுன்சிலர் உங்களுக்கு எட்டுற தூரத்துல இருக்காரு, உங்க ஓட்டு அவருக்கு வேணும். ஐகேனோட நகரங்கள் வேண்டுகோள்னு ஒரு சின்ன தீர்மான வாசகம் ரெடியா இருக்கு, 2018லேருந்து நடக்குது, பாரிஸ், பெர்லின், வாஷிங்டன், டொரான்டோ, சிட்னி மாதிரி அணு ஆயுத நாட்டு நகரங்களும், அடுத்தவன் குண்டோட நிழல்ல நிக்கற நாட்டு நகரங்களும் சேந்திருக்கு. இன்னொண்ணு, ஹிரோஷிமா மேயர் 1982ல ஆரம்பிச்ச அமைதிக்கான மேயர்கள், 8,000 நகரத்துக்கு மேல அதுல உறுப்பினர்.

நான் போனப்ப ஒரு கவுன்சிலர் உக்கார கூட சொல்லல. "இது வெளியுறவுத்துறை விஷயம், எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க"ன்னாரு. நான் அப்ப தயார் பண்ணிட்டு போகல, அமைதி, மனிதகுலம்னு பெருசா பேசிட்டு வந்துட்டேன், அதுல அவர் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது தடவ போறப்ப ஒரே ஒரு தாள் கொண்டு போனோம், கூட அந்த வார்டு ஆளுங்களே ஏழு பேர், அதுல ஒருத்தர் தீயணைப்புத்துறையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. அவர் சொன்னாரு, "சார், குண்டு விழுந்தா குறி வைக்கப்போறது நகரத்தத்தான், கூப்பிடப்போறது எங்களத்தான், நம்மகிட்ட எத்தன தீக்காய பெட் இருக்குன்னு நீங்களே ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க, அப்புறம் இது யார் விஷயம்னு சொல்லுங்க." அதுக்கப்புறம்தான் கவுன்சிலர் தாள கையில வாங்கினாரு. தீர்மானம் நிறைவேற இன்னும் பதினாலு மாசம் ஆச்சு, ஆனா அந்த நிமிஷம் திரும்பிருச்சு. அதனால போகும்போது சரியான ஆள கூட்டிட்டு போங்க, நர்ஸ், டீச்சர், தீயணைப்பு ஆளுங்க, நீங்க பேசுறத விட அவங்க பேசுறது எடுபடும்.

பொறுமை வேணும்ங்கறத சும்மா சொல்லல, நியூயார்க் நகர கவுன்சில்ல 2020 ஜனவரியில விசாரணைக் கூட்டம் நடந்துச்சு, அறுபது பேருக்கிட்ட வந்து பேசினாங்க, தீர்மானம் நிறைவேறினது 2021 டிசம்பர்ல. நடுவுல கோவிட் வேற. அவங்க விடல.

எம்பி. எம்பிக்களுக்குன்னு ஐகேன் ஒரு உறுதிமொழி வச்சிருக்கு, என் நாடு தடை ஒப்பந்தத்துல சேர நான் வேலை செய்வேன்னு ஒரு கையெழுத்து, அவ்ளோதான். கடிதம் ஒரு பக்கத்த தாண்டக்கூடாது. நாங்க அனுப்பறது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய எம்பி அவர்களுக்கு, நான் உங்க தொகுதி வாக்காளர், தொழில் நர்ஸ். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 முதல் அமலில் இருக்கிறது, நம் நாடு இன்னும் அதில் சேரவில்லை. ஒரு குண்டு விழுந்தால் காயம்பட்டவர்களுக்கு சிகிச்சை தர எங்கள் ஆஸ்பத்திரியால் முடியாது, எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது. நாடாளுமன்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது பற்றி நேரில் பேச பதினைந்து நிமிடம் தாருங்கள். அடுத்த வாரம் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்கிறேன்."

கடைசி வரிய விட்டுறாதீங்க, சொன்ன மாதிரி போனும் பண்ணுங்க. எல்லாரும் ஒரே வாசகத்த காப்பி பண்ணி நூறு மெயில் அனுப்பினா ஆபீஸ்ல அத ஒண்ணா கட்டி ஓரமா வச்சிருவாங்க, கையால எழுதின பத்து கடிதம் அத விட மேல. எம்பியோட உதவியாளர்கிட்ட மரியாதையா பழகுங்க, டைரி அவங்க கையிலதான் இருக்கு.

பேங்க், பென்ஷன் ஃபண்ட். இது நெறைய பேருக்கு தெரியாத வழி, எனக்கு ரொம்ப நம்பிக்கை உள்ள வழியும் இதுதான். குண்டையும் ஏவுகணையையும் செய்யறதுல பெரும்பங்கு தனியார் கம்பெனிங்க, அவங்களுக்கு கடனும் முதலீடும் குடுக்கறது பேங்குங்க, அதுல இருக்கறது நம்ம சேமிப்பு. நெதர்லாந்துல பாக்ஸ்ங்கற அமைப்பு நடத்தின "டோன்ட் பேங்க் ஆன் த பாம்"ங்கற ஆய்வுல எந்த பேங்க் எந்த கம்பெனிக்கு பணம் குடுக்குதுன்னு பேரோட வெளியிடறாங்க. அதுல உங்க பேங்க தேடிப் பாருங்க. இருந்தா கிளைக்குப் போய் சண்ட போட வேண்டாம், கவுன்ட்டர்ல இருக்கறவங்க கையில ஒண்ணும் இல்ல, எழுத்துல கேளுங்க: உங்க முதலீட்டுக் கொள்கையில அணு ஆயுதம் செய்யற கம்பெனிகள ஒதுக்கறதா இருக்கா, இருந்தா அந்த வாசகத்த அனுப்புங்க, இல்லன்னா ஏன். பதில் வரும், சுத்தி வளைச்சு வரும், திரும்ப அதே கேள்விய கேளுங்க. பென்ஷன் ஃபண்டுன்னா உறுப்பினர் கூட்டத்துல எந்திரிச்சு கேக்கலாம். நெதர்லாந்தோட பெரிய பென்ஷன் ஃபண்ட் ஏபிபி 2018 ஜனவரியில புகையிலையையும் அணு ஆயுதத்தையும் ஒண்ணா வெளியேத்தறதா அறிவிச்சுது, உறுப்பினருங்களும் இயக்கங்களும் வருஷக்கணக்கா கேட்டதும் அதுக்குப் பின்னாடி இருக்கு. குண்டு வேண்டாம்னு நாடு சட்டம் போடறதுக்கு முன்னாடியே, இது சிகரெட் மாதிரி கௌரவக்குறைவான தொழில்னு ஆக்கறதுதான் இந்த வழியோட பலம்.

தெருவுல உக்காரும்போது

கையெழுத்து வாங்கறது பழைய முறை, ஆனா சும்மா இல்ல. 1954ல மார்ஷல் தீவுகள்ல பிகினியில அமெரிக்கா வெடிச்ச சோதனைக் குண்டோட சாம்பல் ஒரு ஜப்பான் சூரை மீன் படகு மேல விழுந்து 23 பேரும் பாதிக்கப்பட்டாங்க, ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர்ல செத்துப்போனாரு, மீன வாங்க ஜனங்க பயந்தாங்க. டோக்கியோவுல சுகினாமிங்கற பகுதியில மீன் வியாபாரிங்களும் வீட்டுப் பெண்களும் சேந்து கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்டுக்குள்ள நாடு முழுக்க 3 கோடிக்கு மேல. சமையக்கட்டுக்குள்ள வந்த பயத்த வச்சு ஆரம்பிச்சதாலதான் அது அப்படி பரவுச்சு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல 1958லேருந்து குழந்தைங்களோட விழுந்த பால் பல்ல சேகரிச்சாங்க, சோதனையால காத்துல பரவின ஸ்ட்ரான்ஷியம் 90ங்கற கதிர்வீச்சுப் பொருள் பால் வழியா பல்லுல ஏறுதான்னு பாக்க, மொத்தம் 3 லட்சத்துக்கு மேல பல்லு, குடுத்த குழந்தைக்கு ஒரு பேட்ஜ். அம்மாமார் கவரு ஒட்டி அனுப்பினாங்க. 1963ல காத்துலயும் கடல்லயும் வெடிக்கறத தடை பண்ணி ஒப்பந்தம் வந்ததுக்கு அந்த பல்லுங்களும் ஒரு காரணம்.

மேசை போட்டு உக்காந்திருந்தப்ப ஒரு தடவ ஒரு பெரியம்மா வந்தாங்க, கண்ணாடிய மேல தூக்கிட்டு தாள முழுசா படிச்சிட்டு "இதுல கையெழுத்து போட்டா குண்டு போயிருமா தம்பி"ன்னு கேட்டாங்க. "இந்தத் தாளால போகாதும்மா, இத வர்ற 12ம் தேதி கவுன்சிலர்கிட்ட குடுக்கப்போறோம், அவர் தீர்மானம் கொண்டு வரணும்னு கேக்கறோம், நீங்களும் கூட வந்தீங்கன்னா நல்லாருக்கும்"னேன். வந்தாங்க. அதனால மேசையில உக்காரறவங்க எல்லாருக்கும் இந்த பதில் தெரிஞ்சிருக்கணும்: இந்தத் தாள் யார்கிட்ட போகுது, என்னைக்கு, அவங்க என்ன செய்யணும். பதில் தெரியலன்னா அன்னிக்கு மேசை போடாதீங்க. வாங்கற போன் நம்பர், விலாசம் எல்லாம் பத்திரம், அந்தத் தாள்களோட ஃபோட்டோ எதுவும் குரூப்புல போகக்கூடாது.

காகிதக் கொக்கு மடிக்கறது குழந்தைங்கள கூட்டிட்டு வரும், அப்படியே சடாகோ சசாகி கதைய சொல்லலாம், ரெண்டு வயசுல ஹிரோஷிமாவுல இருந்தா, 1955 அக்டோபர்ல 12 வயசுல ரத்தப் புற்றுநோய்ல போனா, ஆஸ்பத்திரியில மருந்துத் தாள்ல எல்லாம் கொக்கு மடிச்சா. சொல்லும்போது ஆயிரம் கொக்கு முடிக்க முடியலன்னு சேத்துக்காதீங்க, ஆயிரத்த தாண்டி மடிச்சதா அவங்க குடும்பமே சொல்லியிருக்கு. எரிஞ்ச உடம்பு ஃபோட்டோக்கள பெருசா மாட்டாதீங்க, குழந்தைங்க இருக்கற எடம், அதோட அந்த ஃபோட்டோவுல இருக்கறவங்களும் ஒரு வீட்டு மனுஷங்க.

தேதிய பொறுத்தவரைக்கும் ஆகஸ்ட் 6, நாகசாகியில குண்டு விழுந்த ஆகஸ்ட் 9, சோதனைகளுக்கு எதிரான நாள் ஆகஸ்ட் 29, செப்டம்பர் 26 அணு ஆயுத முழு ஒழிப்பு நாள், தடை ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஜனவரி 22. எல்லாத்துலயும் கூட்டம் போட்டா ஆளு களைச்சுப் போயிருவாங்க, வருஷத்துக்கு ரெண்டு எடுத்துக்கங்க.

திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க

"குண்டு இருக்கறதாலதான 80 வருஷமா பெரிய போர் வரல?" இதுக்கு கோவப்படாம பதில் சொல்லப் பழகணும், கேக்கறவங்க கெட்டவங்க இல்ல, பயத்துல கேக்கறாங்க. நான் பெட்ரோவ் கதைய சொல்லுவேன். 1983 செப்டம்பர் 26 ராத்திரி சோவியத் கண்காணிப்பு மையத்துல டியூட்டியில இருந்தாரு, அமெரிக்கா அஞ்சு ஏவுகணை விட்டுருச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அஞ்சே அஞ்ச வச்சு யாரும் யுத்தம் ஆரம்பிக்க மாட்டாங்கன்னு யோசிச்சு இது தப்பு எச்சரிக்கைன்னு மேலிடத்துக்கு சொன்னாரு. மேகத்துல பட்டு வந்த சூரிய வெளிச்சத்த சாட்டிலைட் ஏவுகணைன்னு நினைச்சிருக்கு. அன்னிக்கு அந்த சீட்டுல வேற ஆள் இருந்திருந்தா? 1962 அக்டோபர் 27ல கியூபா பக்கத்துல ஒரு சோவியத் நீர்மூழ்கிக்குள்ளயும் இப்படித்தான், அணு டார்பிடோவ விடலாமான்னு வந்தப்ப ஆர்க்கிபோவ்னு ஒரு அதிகாரி வேண்டாம்னு நின்னாரு. நம்மள காப்பாத்தினது குண்டு இல்ல, உத்தரவையும் மெஷினையும் நம்பாத சில மனுஷங்கன்னு சொல்லுங்க.

"அவன் வச்சிருக்கான், நாம மட்டும் எப்படி விடறது?" தென்னாப்பிரிக்கா தானா செஞ்ச ஆறு குண்ட தானே பிரிச்சுருச்சு, 1993ல உலகத்துக்கு சொன்னாங்க. கஜகஸ்தான்ல 1989ல நெவாடா செமிபலாட்டின்ஸ்க் இயக்கம்னு ஒரு கவிஞர், ஒல்ஜாஸ் சுலைமெனோவ், டிவியில கவிதை வாசிக்க வந்த எடத்துல கவிதைய விட்டுட்டு கதிர்வீச்சு கசிவ பத்தி பேசினதுல கெளம்புச்சு, 1991 ஆகஸ்ட் 29ல அந்தச் சோதனைத் தளத்தையே மூடினாங்க. உக்ரைன பத்தி கேப்பாங்க, குண்ட குடுத்ததாலதான் அடி வாங்கிச்சுன்னு. இது கஷ்டமான கேள்வி, மழுப்பாதீங்க. அங்க குடுத்த பாதுகாப்பு வாக்க ரஷ்யா மீறினது அநியாயம்னு நேரா ஒத்துக்கங்க, அப்புறம் சொல்லுங்க, அதே யுத்தத்துல அணுகுண்ட காட்டி மிரட்டித்தான் மத்தவங்கள தள்ளி நிக்க வச்சாங்க, அப்ப குண்டு அங்க யாருக்கு கேடயமா நின்னுச்சு?

"இவங்க எல்லாம் அந்த நாட்டு ஏஜென்டு." இதுக்கு ஒரே மருந்து, ஒன்பது நாட்டையும் ஒரே வாயால பேசறது. உங்க நாட்டு குண்டையும் சேத்து. ஒண்ண விட்டீங்கன்னா மீதி எட்டு பத்தி பேசறது யார் காதுலயும் ஏறாது.

செலவ பத்தி கேட்டா, 2024ல ஒன்பது நாடும் சேந்து 10,000 கோடி டாலருக்கு மேல அணு ஆயுதத்துக்கு செலவு பண்ணியிருக்கறதா ஐகேன் கணக்கு.

ஊர்வலம், மறியல், கைது

1958 ஈஸ்டர்ல லண்டன்லேருந்து அணு ஆயுதம் செய்யற ஆல்டர்மாஸ்டனுக்கு நாலு நாள் நடந்தாங்க, நமக்கெல்லாம் தெரிஞ்ச அந்த வட்டத்துக்குள்ள கோடு போட்ட அமைதிச் சின்னம் அந்த நடைக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைஞ்சது, கொடி சைகையில ஆங்கில என், டி எழுத்துங்க, நியூக்ளியர் டிஸ்ஆர்மமென்ட், அதாவது அணு ஆயுத ஒழிப்பு. 1981ல கார்டிஃப்லேருந்து கொஞ்சம் பெண்கள், அமெரிக்க அணு ஏவுகணை வரப்போறதா இருந்த கிரீனம் காமன் ராணுவத் தளத்துக்கு நடந்து வந்து அங்கயே கூடாரம் போட்டு உக்காந்தாங்க, அடுத்த வருஷம் டிசம்பர்ல 30,000 பெண்கள் கை கோத்து தளத்த சுத்தி நின்னாங்க. அமெரிக்காவும் சோவியத்தும் போட்ட 1987 ஒப்பந்தத்துக்கப்புறம் ஏவுகணை போச்சு, கூடாரம் 2000 வரைக்கும் இருந்துச்சு. படிக்க ஆசையா இருக்கும், ஆனா வந்த மொத வருஷமே கைதாகற வேலைக்கு போகாதீங்க. அதுக்கு வக்கீல் வேணும், வீட்டுல பேசியிருக்கணும், அகிம்சைப் பயிற்சி எடுத்திருக்கணும், உங்க நாட்டுச் சட்டம் எவ்ளோ கடுமைன்னு தெரியணும். யாரையும் வெக்கப்படுத்தி கூட்டிட்டு போகாதீங்க.

ஐநா கூட்டத்துக்கு போறவங்களுக்கு

இது ரெண்டாவது, மூணாவது வருஷ வேலை. அக்டோபர்ல நியூயார்க்ல ஐநா பொதுச்சபையோட முதல் குழு ஆயுதக் குறைப்பு பத்தி கூடும், என்பிடி கூட்டங்கள், தடை ஒப்பந்த நாடுகளோட கூட்டங்கள் தனி. தனி ஆளா உள்ள விட மாட்டாங்க, பதிவு பண்ணின அமைப்பு வழியாத்தான் பாஸ், பெயர் குடுக்கற கடைசி தேதி கூட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிரும், விசாவுக்கும் நேரம் வேணும், அதனால ஆறு மாசம் முன்னாடியே அமைப்புக்கிட்ட சொல்லி வைங்க.

உள்ள போனா பெரிய ஹால்ல நடக்கறத மட்டும் பாத்துக்கிட்டு உக்காராதீங்க, அங்க எழுதிக் கொண்டு வந்தத வாசிப்பாங்க, வேலை நடக்கறது தாழ்வாரத்துலயும் காபி மெஷின் பக்கத்துலயும்தான். உங்க நாட்டு பிரதிநிதி யாருன்னு முன்னாடியே முகம் பாத்து வச்சுக்கங்க, சின்ன நாட்டுக்காரங்களோடயும் பேசுங்க, ஒரே ஒரு ஆள் மூணு கமிட்டிக்கு ஓடிக்கிட்டு இருப்பாங்க, நீங்க குடுக்கற ஒரு பக்கக் குறிப்பு அவங்களுக்கு நெஜமாவே உதவும். பத்து நிமிஷம்தான் கெடைக்கும். உங்க ஊர் தீர்மானத்தோட காப்பி ஒண்ணு கையில இருக்கட்டும், "இந்த நகரம், இந்த தேதியில, இத்தன கவுன்சிலர் சேந்து கேட்டுருக்காங்க"ன்னு குடுங்க, அப்ப அவங்க உங்கள பாக்கற பார்வையே மாறும். ரூமுக்கு திரும்பின உடனே தூங்காதீங்க, என்ன பேசினோம், அவங்க என்ன சொன்னாங்க, அடுத்து என்ன செய்யறதா ஒத்துக்கிட்டாங்கன்னு மூணு வரியில மெயில் போட்டுருங்க, ஏன்னா அவங்களும் அன்னிக்கு நடந்தத தலைநகருக்கு ரிப்போர்ட் எழுதணும், எழுத உக்காரும்போது உங்க மூணு வரி அவங்க கண்ணு முன்னாடி இருக்கணும்.